யார் கையும் படக்கூடாது

கடல் பார்க்கக் கேரவனில் போகிறீர்களே, அந்த வண்டியின் கக்கூஸ் தொட்டியை யார் காலி செய்வது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? மெத்தையை அழுத்திப் பார்த்திருப்பீர்கள். ஏசி குளிர்கிறதா என்று கையை நீட்டிப் பார்த்திருப்பீர்கள். அடுப்பு எரிகிறதா, பிரிட்ஜ் ஓடுகிறதா என்றெல்லாம் விசாரித்திருப்பீர்கள். இதை மட்டும் கேட்டிருக்க மாட்டீர்கள். பதில் நமக்குத் தெரியும் என்பதால்தான் கேட்பதில்லை. யாரோ ஒருவர் வருவார், செய்வார், போவார். அந்த யாரோ எந்தத் தெருவிலிருந்து வருவார் என்பதும் நமக்குத் தெரியும்.

சௌந்தரம் அந்தத் தெருக்காரி.

நரிக்குடியைத் தாண்டிப் பார்த்திபனூர் போகும் சாலையில், சீமைக் கருவேல மரங்களை வெட்டிச் சீர்திருத்திய ஒரு துண்டு நிலத்தில் அவள் வண்டி நிறுத்தம் வைத்திருக்கிறாள். தகரக் கூரை போட்ட சாப்பாட்டுக் கடை, வேப்ப மர நிழல், கரண்ட் எடுக்கச் சில பிளக்குகள், தண்ணீர்க் குழாய். தேக்கடியிலிருந்தும் குற்றாலத்திலிருந்தும் அருப்புக்கோட்டை, திருச்சுழி வழியாக ராமேசுவரம் போகிற வண்டிகள் அங்கே நின்று இளைப்பாறிப் போகும். முன்பெல்லாம் டூரிஸ்ட் வேன்கள் மட்டும் வந்தன. இப்போது கேரவன்களும் வருகின்றன. அவற்றுக்காகவே பின்பக்கம் மூன்று அறை வைத்து ஒரு செப்டிக் டேங்க் கட்டியிருக்கிறாள். அதன் வாய்க்கு இரும்பு மூடி. பக்கத்தில் கழுவிவிட ஒரு ஹோஸ். ஆணியில் தொங்கும் ரப்பர் கையுறைகள். சாலையைப் பார்த்து ஒரு போர்டு: "வண்டித் தொட்டியை வண்டிக்காரரே திறந்துவிட வேண்டும். இங்கே அதற்கு ஆள் கிடையாது."

அந்தக் கடைசி வரி வேண்டாம் என்று அவள் புருஷன் மாரிக்கண்ணன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான்.

"வர்ற வண்டியும் ஓடிரும் புள்ள."

"ஓடட்டும்."

"அதுல என்ன இருக்கு? ஒரு பைப்பைச் சொருகி ஒரு லீவரைத் தூக்குறது. அஞ்சு நிமிசம்."

"அஞ்சு நிமிசந்தான? அப்ப அவுகளே தூக்கட்டும்."

மாரிக்கண்ணனே போர்டை ஆணியடித்து மாட்டினான். அவன் விட்டுக்கொடுத்ததற்கு ஒரு கதை உண்டு.

சௌந்தரத்தின் அப்பனும் ஆத்தாளும் அடுத்தவன் வயலில் கூலிக்கு மாரடித்தவர்கள். அவள் அந்த வயல்பக்கம் போகாமல் அருப்புக்கோட்டை நூல் மில்லுக்குப் போனாள். மில்லைப் பூட்டியதும் வீரசோழன் கடைகளுக்கு முறுக்குச் சுட்டுக் கொடுத்தாள். பிறகு புருஷனும் பெண்டாட்டியுமாக ராமேசுவரத்துக்கு வேலைக்குப் போனார்கள். தீவின் கோடியில், கடலைப் பார்த்து ஒரு தனியார் கேரவன் நிறுத்தம். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை. இரவில் காவல் படகுகளின் விளக்கு வந்து வந்து போகும். அவளுக்குச் சமையல் வேலை. மாரிக்கண்ணனுக்குக் காவல் வேலை. காக்கிச் சட்டை கொடுத்தார்கள், விசில் கொடுத்தார்கள். சட்டையை இஸ்திரி போடாமல் அவன் ஒருநாளும் மாட்டியதில்லை.

ஒரு மதியம், வந்து நின்ற கேரவன் ஒன்றில் தொட்டி அடைத்துக்கொண்டது. முற்றத்தில் வேலைக்காரர்கள் நிறையப் பேர் நின்றார்கள். எலக்ட்ரீசியன் நின்றான், தோட்டக்காரன் நின்றான், வண்டி கழுவுகிறவன் நின்றான். மேனேஜர் அவர்கள் யாரையும் பார்க்கவே இல்லை. கேட்டைப் பார்த்துத் திரும்பி, "மாரிக்கண்ணா, இதைக் கொஞ்சம் பாருப்பா" என்றான்.

காவல்காரனுக்கும் கக்கூஸ் தொட்டிக்கும் என்ன சம்பந்தம்? வேலைக்குச் சேர்கிறபோது கொடுத்த ஆதார் அட்டையில் முகவரி இருந்தது. காலனித் தெரு என்று இருந்தது. அதுதான் சம்பந்தம்.

மாரிக்கண்ணன் செய்தான். காக்கிச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, தோள்வரை கையை விட்டு அடைப்பை எடுத்தான். சாயங்காலம் கடலுக்குள் இறங்கியவன் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டே இருந்தான். சௌந்தரம் துண்டோடு கரையில் காத்திருந்தாள்.

"வாங்க, சோறு ஆறுது."

"வாடை போகல புள்ள."

வாடை எப்போதோ போயிருந்தது. அவனுக்குத்தான் போகவில்லை.

மறுநாள் காலையில் அவர்கள் துணிமணியைக் கட்டிக்கொண்டு பஸ்ஸேறினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து பாம்பன் பாலத்தைப் பார்த்துக்கொண்டே வந்த சௌந்தரம், தனக்குத்தானே ஒன்றை முடிவு செய்துகொண்டாள். இனி இந்த மனுசன் கை அதில் படக்கூடாது. தெருவில் யார் கையும் படக்கூடாது. மற்றதெல்லாம் அப்புறம்.

அந்த முடிவுக்குப் பெரிய சோதனை போன பொங்கல் விடுமுறையில் வந்தது.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வெள்ளைக் கேரவன். உள்ளே ஐம்பது வயசுத் தம்பதி. மனைவி பெயர் சுமதி. டிரைவர் கோகுல், மீசை இன்னும் சரியாகக் கறுக்காத பையன். சுமதி இறங்கி வந்து சௌந்தரத்தின் கடையில் கம்பங்கூழ் வாங்கிக் குடித்தாள். பானைத் தண்ணீரை மொண்டு குடித்துவிட்டு இன்னொரு செம்பும் கேட்டாள்.

"தண்ணி இனிக்குதுங்க. எந்தக் கம்பெனி கேனுங்க இது?"

"கேனெல்லாம் இல்லம்மா. ஊருணித் தண்ணி."

சுமதி தன்னிடமிருந்த பாட்டில்களையெல்லாம் கொண்டுவந்து நிரப்பிக்கொண்டாள்.

அந்த மண்ணில் ஆழ்குழாய் போட்டால் உப்புத்தான் வரும். துவைக்கலாம், கழுவலாம், வாயில் வைக்க முடியாது. பெய்கிற மழை வரத்துக்கால் வழியாக ஓடிவந்து ஊருணியில் தங்கும். குடிக்க அதுதான். அதனால் ஊருணிக்குள் யாரும் செருப்போடு இறங்க மாட்டார்கள், காலைக் கழுவ மாட்டார்கள், ஆடு மாட்டை விட மாட்டார்கள். குடத்தை மட்டும் நனைப்பார்கள். சௌந்தரம் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவள் தெருக்காரர்கள் அந்தக் குடத்தைக்கூட நனைக்கக் கூடாது. கரைக்கு வெளியே நிற்க வேண்டும். யாராவது மனமிறங்கி ஊற்றினால் உண்டு. இன்று எல்லோரும் ஒரே படியில் இறங்குகிறார்கள். அது தானாக நடக்கவில்லை. வழக்கும் நடந்தது, சில மண்டைகளும் உடைந்தன.

சாப்பிட்டு முடித்ததும் கோகுல் பல்லைக் குத்திக்கொண்டே வந்தான்.

"அக்கா, டேங்கு ஃபுல்லு. கிளீனரைக் கூப்பிடுங்க."

"இந்தா நிக்கிறான்ல."

கோகுல் பின்னால் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை.

"ஒன்னையத்தான் சொல்றேன். பைப்பு உன் வண்டியில இருக்கு, மூடி அந்தா இருக்கு. திறந்து விட்டுட்டு ஹோஸ்ல கழுவிவிடு. கைக்கு உறை தாரேன்."

"நான் டிரைவருக்கா!"

"அதான் நல்லது. வண்டியைப் பத்தி உனக்குத்தான் தெரியும்."

கோகுல் போய்ச் சொன்னதும் சுமதியின் புருஷன், அந்தக் கேரவன்காரன், இறங்கி வந்தான். கோபப்படவில்லை. நயமாகத்தான் பேசினான்.

"ஏம்மா, சும்மாவா செய்யச் சொல்றோம்? கேக்கறதைக் குடுக்கறோம்."

"சார், போர்டைப் படிச்சிட்டுத்தான உள்ள வந்தீக?"

"வேலைன்னா எல்லாம் ஒண்ணுதான். இதுல என்ன கேவலம் இருக்குது?"

"கேவலம் இல்லேல்ல சார்? அப்ப நீங்களே செய்ங்க."

அவன் முகம் சிவந்தது. இதற்குள் மாரிக்கண்ணன் ஆணியிலிருந்து கையுறையை எடுத்துவிட்டான். விடுமுறை நேரத்து வியாபாரம் கெட்டுவிடக் கூடாதே என்ற பயம் அவனுக்கு. சௌந்தரம் எட்டி அதை அவன் கையிலிருந்து பிடுங்கிக் கோகுலிடம் நீட்டினாள். கோகுல் முதலாளியைப் பார்த்தான். முதலாளி வண்டியைப் பார்த்தான்.

"எடுப்பா வண்டியை. ஊருல இடமா இல்லை?"

கேரவன் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. மாரிக்கண்ணன் வெகுநேரம் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நாலு வண்டிக்காரன்ட்டச் சொல்லுவான். இனி ஒருத்தனும் வர மாட்டான்."

"சொல்லட்டும். இன்னொரு போர்டு வைக்கிற செலவு மிச்சம்."

விடிந்ததும் வரத்துக்கால் பாலத்தடியில் ஊரே திரண்டுவிட்டது.

பாலத்துக்குக் கீழே, போன மழையின் தண்ணீர் இன்னும் லேசாக ஊருணியை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. அதில், ஊருணிக்கு இன்னும் எட்டாமல், ஒரு பெரிய நீலத் திட்டு. எவனோ துத்தம் கரைத்து ஊற்றிவிட்டான் என்றுதான் முதலில் வந்தவர்கள் கத்தினார்கள். பயிருக்கு அடிக்கிற மயில்துத்தம் தெரிந்த ஊர் அது. கேரவன் கக்கூஸில் போடுகிற நீல மருந்து அவர்களில் யாருக்கும் தெரியாது. துத்தத்தைக் கையில் எடுத்துப் பார்க்கப் போனவன் பக்கத்தில் போனதும் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி ஓடிவந்தான்.

"ஏலே, துத்தம் இல்லலே! பீயிலே!"

கரை மண்ணில் அகலமான டயர்த் தடம் இருந்தது. சௌந்தரத்துக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

ஊராட்சித் தலைவர் செல்லப்பாண்டி புல்லட்டை நிறுத்திவிட்டு இறங்கினான்.

"ஏ சௌந்தரம், உன் டேங்கு ஒடஞ்சு வந்ததா இது?"

"தலைவரே, என் டேங்கு பள்ளத்துல இருக்கு. வரத்துக்கால் மேட்டுல இருக்கு. பீ மேட்டுக்கு ஏறி வருமா? சந்தேகம்னா வந்து மூடியைத் திறந்து பாருங்க. நேத்து வந்த கேரவன்காரன் ஊத்திட்டுப் போயிருக்கான்."

"எவன் ஊத்துனா என்ன? தண்ணி ஊருணிக்கு இறங்கிட்டு இருக்கு. மாரிக்கண்ணா, தெருவுல போயி ஆளுகளைக் கூட்டிட்டு வா. வாளியும் தட்டும் எடுத்துக்கிருங்க. கூலி ஊராட்சியில தாரோம்."

இதைச் சொல்லும்போது அவன் குரலில் கோபம் இல்லை, இளக்காரம்கூட இல்லை. மழை வந்தால் குடை பிடி என்பதுபோலச் சொன்னான். மாரிக்கண்ணனின் கால் ஏற்கெனவே தெருப்பக்கம் திரும்பிவிட்டது. சௌந்தரம் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள்.

"நில்லுங்க."

பிறகு செல்லப்பாண்டியைப் பார்த்துச் சொன்னாள். கூட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எங்க குடம் பட்டாத் தீட்டுன்னு சொன்ன தண்ணி இது. இப்ப அதுல பீ மிதந்தா மட்டும் எங்க கை வேணுமாக்கும்?"

"பழசையெல்லாம் எதுக்குக் கிளர்ற? இப்ப யாரு அப்படிச் சொல்றா?"

"சொல்லலையா? அப்ப இம்புட்டுப் பேரு நிக்கிறாக. எங்க தெரு ஆளை மட்டும் ஏன் கூப்புடுறீக? உங்க மாப்பிள்ளை நிக்கிறாரு, அவரைக் கூப்புடுங்க."

மாப்பிள்ளை இரண்டடி பின்னால் போனான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். செல்லப்பாண்டிக்குச் சுர்ரென்று ஏறியது.

"அப்ப என்னதான் செய்யச் சொல்ற? ஊரு சனம் இதைக் குடிச்சுச் சாகட்டுங்கிறியா?"

"நானும் இதத்தான் குடிக்கிறேன். மொதல்ல பாலத்துக்கு இங்கிட்டும் அங்கிட்டும் மண்ணைப் போட்டு வரத்தை அடைங்க. மண்ணு வெட்ட எல்லாருக்கும் தெரியும். உள்ள நிக்கிறத எடுக்க, ஊத்துனவனைக் கூட்டிட்டு வாரேன்."

"அவன் இந்நேரம் தனுஷ்கோடியில குளிச்சிட்டு இருப்பான்."

"துவட்டிட்டு வரட்டும். நான் திரும்புற வரைக்கும் எங்க தெருவுல ஒருத்தரையும் கூப்புடக் கூடாது. கூப்புட்டீகன்னா நேரா ஸ்டேஷன்தான். ஆளை வச்சுக் கையால அள்ளச் சொல்றது குத்தம். தலைவருக்குத் தெரியாம இருக்காது."

வரத்தை அடைக்கச் செல்லப்பாண்டியின் ஆட்களே மண்வெட்டி எடுத்தார்கள். சௌந்தரம் சாலைக்கு ஏறி வந்து வீரசோழன் பக்கம் பார்த்து நின்றாள்.

அந்த நேரத்துக்கு ஷஹீனாவின் லோடு வண்டி வரும் என்று அவளுக்குத் தெரியும். ஷஹீனா வீரசோழன்காரி. புருஷன் ஃபைசல் வளைகுடாவுக்குப் போன பிறகு, அவன் விட்டுப்போன குட்டியானை வாசலில் துருப்பிடிப்பதைப் பார்க்கச் சகிக்காமல் ஓட்டக் கற்றுக்கொண்டவள். மிக்சர், சேவு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ராமநாதபுரம் வரை போய்க் கடை கடையாகப் போடுவாள். சௌந்தரம் நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறுக்கா. அந்த ஊருணித் தண்ணிய எங்க தெருவுக்கும் டேங்கர்ல ஏத்திட்டுத்தான வாராக. எனக்கும் கணக்கு இருக்கு அவன்ட்ட."

"ஒனக்கு லோடு கெடந்துச்சே?"

"சேவு எங்க போயிரப் போகுது. ஒரு நாள் நமுத்தா மொறுமொறுப்புக் கொறையும், அம்புட்டுத்தான்."

பார்த்திபனூரில் திரும்பிப் பரமக்குடியைப் பிடித்து, பாம்பன் பாலம் ஏறினார்கள். வண்டி எங்கே நிற்கும் என்று சௌந்தரத்துக்குத் தெரியும். அந்தப் பக்கம் கேரவன் நிற்க அந்த ஒரே இடந்தான். தீவின் கோடியை நெருங்கியபோது ஷஹீனாவின் போன் சிணுங்கியது. இலங்கைக்கு நல்வரவு என்று ஏதோ ஒரு கம்பெனியிலிருந்து குறுஞ்செய்தி.

"அக்கா, வெளிநாடு வந்துட்டம். பாஸ்போர்ட்டு எடுத்தியா?"

"உன் மாப்பிள்ளைக்குப் போனைப் போட்டுச் சொல்லு, நீயும் பாரின் ரிட்டன்னு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கேட் கண்ணில் பட்டதும் சௌந்தரத்தின் சிரிப்பு நின்றது. அதே கேட். வேறு யாரோ ஒருவன் காக்கிச் சட்டையோடு நின்றான். உள்ளே கடலைப் பார்த்து வரிசையாகக் கேரவன்கள். மூன்றாவதாக அந்த வெள்ளை வண்டி. கோகுல் அதற்குக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான்.

மேனேஜர் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து வந்தான்.

"வா சௌந்தரம்! மாரிக்கண்ணன் எங்க? ஆள் இல்லாம அல்லாடுறோம்ப்பா."

"அவரு வர மாட்டாரு. நான் உங்களத் தேடி வரல."

அவனைத் தாண்டி நடந்தாள். ஷஹீனா குட்டியானையைக் கேட்டுக்குக் குறுக்கே கொண்டுவந்து நிறுத்தி, சாவியை எடுத்து இடுப்பில் செருகினாள். காவல்காரன் விசில் ஊதினான்.

"வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதுண்ணே."

"நீ இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலையேம்மா!"

"பண்ணாமலே தெரியும்ணே. என் வண்டில்ல."

சௌந்தரத்தைக் கண்டதும் கோகுலின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. அவள் அவனைத் திட்டவில்லை.

"தம்பி, பாலத்துல வால்வைத் திறந்தது நீதான?"

"சார் சொன்னாருக்கா. இருட்டுற நேரம், ஓடைதானே, காஞ்சு போயிரும்னாரு. எனக்கு ஊருணிக்குப் போற தண்ணின்னு தெரியாதுக்கா."

கேரவன்காரன் படியில் நின்றான். நேற்றைய நயம் இன்று இல்லை.

"மிரட்டறீங்களா? போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்புடுங்க சார். நானும் அதுக்குத்தான் காத்திருக்கேன். இங்கதான் ரெண்டு அடிக்கு ஒரு போலீஸு இருக்கே."

பிறகு அவள் வரிசையில் நின்ற மற்ற வண்டிகளைப் பார்த்துத் திரும்பினாள். ஐந்தாறு குடும்பங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து கடல் பார்த்துக்கொண்டிருந்தன. அவர்களுக்குக் கேட்கிற குரலில் சொன்னாள்.

"இவுக வண்டிப் பீயை எங்க ஊரு குடிதண்ணியில ஊத்திட்டு வந்திருக்காக. கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். எங்க ஊருல பிள்ளைக குடிக்கிற தண்ணி."

நாற்காலிகள் கடலைவிட்டு இந்தப் பக்கம் திரும்பின. ஒரு பையன் போனை உயர்த்தினான். மேனேஜருக்குத் தன் நிறுத்தத்தின் பெயர் கெட்டுவிடுமே என்ற பதற்றம். "உள்ள வச்சுப் பேசலாம், உள்ள வச்சுப் பேசலாம்" என்று குறுக்கும் நெடுக்கும் ஓடினான்.

அப்போதுதான் சுமதி வண்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஊருணின்னா?"

"நேத்து என் கடையில குடிச்சு, இனிக்குதுன்னு பாட்டில்ல பிடிச்சீகளே, அந்தத் தண்ணி."

சுமதியின் கையில் அந்தப் பாட்டில்களில் ஒன்று இருந்தது. அதைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"நீங்க டேங்க்கைக் காலி பண்ணிட்டதாச் சொன்னீங்களே, அங்கயா?"

அவன் கடல்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இந்தத் தண்ணியக் குடுத்த பொம்பளைக்கு நான் என்ன பதில் சொல்றதுங்க?"

கேரவன்காரன் கடைசி முயற்சியாக இறங்கி வந்தான். "சரிம்மா, கோகுலை அனுப்பறேன். என்ன செய்யணுமோ செய்வான். செலவை நான் பாத்துக்கறேன்."

"கோகுலு வரட்டும், நீங்களும் வாங்க. திறந்ததுதான் அவன். ஊத்துனது நீங்க."

"நான் எதுக்கு?"

"நீங்க வராட்டி இந்தப் பையனை எங்க ஊருல வச்சுத் தோலை உரிச்சிருவாக. வேலைக்கு இருக்கிறவன்னா எதுக்கும் அவன்தானா?"

கோகுல் தலை நிமிரவில்லை. சுமதி இறங்கி வந்து, வெளியே காயப்போட்டிருந்த துணிகளையும் நாற்காலிகளையும் எடுத்து வைக்க ஆரம்பித்தாள். எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

ஷஹீனாவின் வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது.

வழியிலேயே சௌந்தரம் அருப்புக்கோட்டைக்குப் போன் போட்டு ஒரு செப்டிக் டேங்க் லாரியை வரச் சொல்லிவிட்டாள். உறிஞ்சு குழாய் உள்ள லாரி. வாடகை கேரவன்காரன் கணக்கு.

சூரியன் சாயும் முன் பாலத்துக்கு வந்து சேர்ந்தார்கள். காலையில் இருந்த கூட்டம் இப்போது இரண்டு மடங்கு. காரியாபட்டிச் சந்தைக்குப் போனவர்கள்கூடத் திரும்பியிருந்தார்கள். கேரவன் நின்று, அந்த மனுசன் இறங்கியதுதான் தாமதம், கூட்டம் கொதித்தது. செல்லப்பாண்டி ஒரு வாளியைத் தூக்கி அவன் காலடியில் எறிந்தான்.

"அள்ளுடா! கையால அள்ளு! உன் பீயத்தான?"

"அள்ளச் சொல்லு! அள்ளச் சொல்லு!" என்று ஊரே கத்தியது. காலனித் தெருப் பிள்ளைகளும் கத்தினார்கள். மாரிக்கண்ணன்கூட ஒரு கணம் கையை உயர்த்தினான். கேரவன்காரன் வாளியைப் பார்த்து வெளிறிப்போய் நின்றான். கோகுல் அழுதுகொண்டே குனிந்து வாளியை எடுக்கப் போனான்.

சௌந்தரம் வாளியைக் காலால் எத்திவிட்டாள். அது உருண்டுபோய் ஓடைச் சரிவில் கிடந்தது.

"யாரு கையும் படக்கூடாது."

"என்னத்தா சொல்ற? நீதான காலையில, ஊத்துனவனக் கூட்டிட்டு வாரேன்னு போன?" என்று செல்லப்பாண்டி எகிறினான்.

"கூட்டிட்டு வாரேன்னேன். கையால அள்ள வைப்பேன்னு சொல்லல. என் புருசன் கை படக்கூடாதுன்னா, இவுக கையும்தான் படக்கூடாது. மனுசன் கையால செய்யிற வேலையே இல்ல இது. லாரி வருது."

"அப்ப இவன் சும்மா நின்னு வேடிக்கை பாப்பானா?"

"பாக்க மாட்டாரு. லாரிக்காரவுகளுக்கு உறை இருக்கு, பூட்ஸு இருக்கு. இவருக்கும் தருவாக. குழாயைப் பிடிக்கட்டும், சுண்ணாம்பைத் தூவட்டும். முடியிற மட்டும் நிக்கட்டும்."

கூட்டத்துக்கு அது பிடிக்கவில்லை. பழிவாங்க ஆசைப்பட்டு வந்தவர்களுக்கு ஒரு லாரியும் குழாயும் சப்பென்று இருந்தன. முணுமுணுத்துக்கொண்டே நின்றார்கள். ஆனால் யாரும் போகவில்லை.

லாரி வந்தது. இறங்கிய டிரைவரைச் சௌந்தரம் முதலில் மடக்கினாள்.

"இதை எங்க கொண்டுபோயி விடுவீக?"

"டவுனு கழிவுநீர் பிளான்டுக்குக்கா."

"வழியில ஏதாச்சும் கண்மாய்க் கரையில விட்டீகன்னா, அடுத்து உங்களத் தேடி வருவேன். ஷஹீனா வண்டியில டீசல் இருக்கு."

"அம்மா தாயே, பிளான்டுக்குத்தான்."

அடைத்த இரண்டு மண்கரைகளுக்கும் நடுவே நின்றதையெல்லாம் குழாய் உறிஞ்சியது. கேரவன்காரன் முழங்கால் பூட்ஸோடு குழாயின் ஒரு முனையைப் பிடித்து நின்றான். மறு முனையில் கோகுல். பிறகு மேல்மண்ணைச் சுரண்டி எடுக்க மெஷின் வந்தது. சுண்ணாம்பைக் கேரவன்காரனே தூவினான். முகத்தில் வெறுப்பா வெட்கமா என்று சொல்ல முடியவில்லை. சௌந்தரத்துக்கு அதைப் பற்றி அக்கறையும் இல்லை. சுமதி மட்டும் போகும்போது அவள் கையைப் பிடித்தாள். பிறகு வண்டியில் ஏறிக்கொண்டாள்.

குடியரசு தினத்தன்று கிராம சபை கூடியது. ரோடு, தெருவிளக்கு, நூறு நாள் வேலை என்று எப்போதும்போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். சௌந்தரம் எழுந்தாள்.

"ஒரு தீர்மானம் எழுதணும். நம்ம ஊராட்சிக்குள்ள எந்த மனுசனையும் கக்கூஸ் குழிக்குள்ள இறக்கக் கூடாது, கையால அள்ள வைக்கக் கூடாது. லாரியும் மெஷினும் ஊராட்சி பொறுப்புல வரணும்."

செல்லப்பாண்டி பேனாவை மூடினான்.

"அதுக்குத்தான் சட்டம் இருக்கே. தீர்மானம் எதுக்கு?"

"சட்டம் அன்னைக்கு ஓடைக்கரையிலயும் இருந்துச்சு தலைவரே. நீங்க வாளியத்தான எடுத்தீக?"

சலசலப்பு. இந்த அம்மாளுக்கு எப்போதும் இதே பேச்சு என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னார். அப்போது பின்னால் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. மாரிக்கண்ணன் எழுந்து நின்றான். அந்தச் சபையில் அவன் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை. சௌந்தரத்துக்கே தூக்கிவாரிப் போட்டது.

"என் கையி செஞ்சிருக்கு" என்றான். "நிறைய நாள் எனக்குச் சோத்துல கை வைக்க முடியல. அது என்னன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியாது. இனிமே செய்யாது. யாரு கூப்புட்டாலும், எம்புட்டுக் குடுத்தாலும். எழுதுங்க."

செல்லப்பாண்டி பேனாவைத் திறந்தான். மெதுவாகத்தான் எழுதினான், ஆனால் எழுதினான். கை தூக்கச் சொன்னபோது முதல் வரிசையில் தயங்கித் தயங்கிக் கைகள் உயர்ந்தன. யாரும் எதிர்க்கவில்லை. எதிர்த்தால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

போன வாரம் செல்லப்பாண்டியின் புது வீட்டுக் குழி நிரம்பியது. லாரி வந்து நின்றது. ஒரு மனிதரையும் யாரும் கூப்பிடவில்லை.

உங்கள் ஊரிலும் கிராம சபை கூடும். டவுனில் இருந்தால் வார்டுக் கூட்டம் கூடும். போங்கள். எழுந்து நின்று இந்தத் தீர்மானத்தைக் கேளுங்கள். சட்டந்தான் இருக்கிறதே என்பார்கள். இருக்கும் சட்டத்துக்கு லாரி எங்கே, மெஷின் எங்கே என்று கேளுங்கள். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்பார்கள். எழுதி முடிக்கிற வரை உட்காராதீர்கள்.